நாப்பி வாளி சொல்லும் வரலாறு

மன்னர்களுக்கு வரலாறு உண்டு, போர்களுக்கு உண்டு, ரயிலுக்கும் மின்விளக்குக்கும் உண்டு. குழந்தையின் ஈரத் துணியைத் துவைப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு என்றால் சிரிப்புத்தான் வரும். ஆனால் பாடப் புத்தகங்களில் இடம் பிடித்த பல போர்களை விட இந்த வரலாறு நம் வீட்டுக்கு அருகில் நடந்தது. இதிலும் உயிரிழப்புகள் உண்டு. துப்பறியும் கதை போல நடந்த விசாரணைகளும் உண்டு.

நம் வீடுகளில் பழைய வேட்டியையும் சேலையையும் கிழித்துக் குழந்தைக்குக் கட்டுகிறோம் அல்லவா? அதே வேலையைச் செய்யும் துணியைத்தான் பிரிட்டனில் நாப்பி என்கிறார்கள். அமெரிக்காவில் அதன் பெயர் டயப்பர். குழப்பம் வராமல் இருக்க, இந்தக் கட்டுரையில் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் துணியை நாப்பி என்றும், ஒருமுறை கட்டிவிட்டு எறிவதை டயப்பர் என்றும் அழைப்போம்.

பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு முறை துணி மாற்ற வேண்டியிருக்கும். நான்கு நாளில் நாற்பதைத் தாண்டிவிடும். எனவே நாப்பி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் மூன்று கேள்விகள் எழும். நனைந்த துணியைத் துவைக்கும் வரை எங்கே வைப்பது? எப்படித் துவைப்பது? துவைத்ததை அடுத்து கட்டும் வரை எங்கே வைப்பது? கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் இந்த மூன்று கேள்விகளுக்கும் மேற்கு நாடுகளில் சொல்லப்பட்ட பதில்களையும், அவற்றில் சில பதில்கள் குழந்தைகளையே எப்படிப் பாதித்தன என்பதையும் பார்ப்போம்.

திங்கட்கிழமைச் சலவை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் திங்கட்கிழமைதான் சலவை நாள். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிஞ்சிய இறைச்சியைத் திங்களன்று அப்படியே சாப்பிட்டுக்கொள்ளலாம், அடுப்படி வேலை குறையும், துவைக்க நேரம் கிடைக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். தண்ணீரைச் சுமந்து வந்து, பெரிய செம்புக் கொப்பரையில் ஊற்றி, கீழே தீ மூட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். சலவை சோடாவும் சோப்பும் போட்டுத் துணிகளைக் கோலால் கிளறி, அலசி, பிழிந்து, காய வைப்பதற்குள் நாள் முடிந்துவிடும்.

மற்ற துணிகள் திங்கள் வரை காத்திருக்கும். நாப்பி காத்திருக்காது. அதனால் வசதியான வீடுகளில் அதற்கென்றே தனி வாளி இருந்தது. வசதி இல்லாத வீடுகளில் சிறுநீர் மட்டும் பட்ட துணியைத் துவைக்காமல் அடுப்பருகே உலர்த்தி மறுபடியும் கட்டிவிடுவார்கள். விறகும் தண்ணீரும் நேரமும் இல்லாத தாய்க்கு வேறு வழி என்ன?

1849-இல் நியூயார்க்கைச் சேர்ந்த வால்டர் ஹண்ட் இன்றைய ஊக்குக்குக் காப்புரிமை பெற்றார். அதை வெறும் 400 டாலருக்கு விற்றும் விட்டார். ஊக்கு வந்தபின் நாப்பியைக் குத்திக் கட்டுவது எளிதானது. துவைப்பது மட்டும் எளிதாகவில்லை.

இந்த வேலைக்கு முறையான விதிகளை எழுதியவர்களில் முக்கியமானவர் லூதர் எம்மெட் ஹோல்ட் என்ற நியூயார்க் குழந்தை மருத்துவர். குழந்தை பராமரிப்பு பற்றி அவர் எழுதிய சிறு நூல் 1894-இல் வெளிவந்து, பல பதிப்புகள் கண்டது. செவிலித்தாய்களுக்குப் பயிற்சி தருவதற்காக எழுதப்பட்டதால் முழுக்கக் கேள்வி பதில் வடிவில் இருக்கும். நாப்பி பற்றி அதில் சொல்லப்பட்டவற்றின் சாரம் இதுதான். மலத்தை உடனே அகற்றிவிட வேண்டும். அலசி, வெறும் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். துவைக்கும் வரை மூடியுள்ள பாத்திரத்தில் வைக்க வேண்டும். துவைக்காமல் இரண்டாம் முறை கட்டவே கூடாது. சோப்புத் தண்ணீரில் துவைத்து, கால் மணி நேரமாவது கொதிக்க வைத்து, நன்றாக அலச வேண்டும். நீலம் போடக் கூடாது.

துவைக்காமல் கட்டாதே என்று எழுத வேண்டியிருந்தது என்றால், பலர் அப்படிக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்? கடைசி விதியையும் கவனிக்க வேண்டும். வெள்ளைத் துணி பளிச்சென்று தெரிய நீலம் போடுவது அன்று அங்கேயும் வழக்கம், இன்று நம் வீட்டிலும் வழக்கம். ஆனால் நாப்பிக்கு வேண்டாம் என்றார் ஹோல்ட். துணியில் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் தங்கக் கூடாது என்ற எண்ணம் அந்த விதியில் ஒளிந்திருக்கிறது. பின்னால் வந்தவர்கள் மறந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

நீலம் பாரித்த குழந்தைகள்

ஹோல்ட்டின் நூலுக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1886-இல், ரேனர் என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு விசித்திரமான செய்தியை எழுதினார். பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் உடல் நீலம் பாரித்துக் கிடந்தன. இதயக் கோளாறோ மூச்சுக் கோளாறோ காரணமாக இருந்தால் ஒரு குழந்தைக்கு வரலாம். ஒரே இடத்தில் பல குழந்தைகளுக்கு எப்படி வரும்?

காரணம் நாப்பியில் இருந்தது. துணி காணாமல் போகக் கூடாது என்பதற்காக அதன் மேல் அனிலின் கலந்த மையால் முத்திரை குத்தியிருந்தார்கள். முத்திரை குத்தியபின் துவைக்காமல் அப்படியே குழந்தைகளுக்குக் கட்டிவிட்டார்கள். ஈரத்திலும் உடல் சூட்டிலும் அந்த அனிலின் தோல் வழியாக ரத்தத்தில் கலந்தது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அனிலின் அதை மெத்ஹீமோகுளோபினாக மாற்றிவிடும். அப்படி மாறியபின் அது ஆக்சிஜனைச் சுமக்காது. குழந்தை நன்றாக மூச்சு விட்டுக்கொண்டே நீலமாகும்.

ஒரு முறை கொதிக்க வைத்து அலசியிருந்தால் இது நடந்திருக்காது. முத்திரை குத்திய புதுத் துணியை முதலில் வெந்நீரில் துவைத்த பிறகே கட்ட வேண்டும் என்பது அதன்பின் மருத்துவமனைகளுக்குச் சொல்லப்பட்ட பாடம். ஆனாலும் இருபதாம் நூற்றாண்டிலும் பல இடங்களில் இதே தவறு மீண்டும் நடந்தது. நாப்பியில் தங்கும் பொருள் குழந்தையின் ரத்தம் வரை போகும் என்பதற்கு இது முதல் எச்சரிக்கை எனலாம்.

வாளியிலிருந்து எழுந்த வாடை

நாப்பி வாளியின் மூடியைத் திறந்தவர்களுக்கு அந்த வாடை தெரியும். கண்ணில் நீர் வரும், மூக்கு எரியும். அது அம்மோனியா. இரவு முழுக்க ஒரே துணியில் படுத்த குழந்தையைக் காலையில் தூக்கினாலும் அதே வாடை வரும். சில குழந்தைகளுக்கு அந்த இடம் சிவந்து, கொப்பளித்து, புண்ணாகிவிடும்.

1915-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த ஜான் ஸஹோர்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர் இந்த அம்மோனியா நாப்பி பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். ஆனால் அம்மோனியா எங்கிருந்து வருகிறது? குழந்தையின் சிறுநீரிலேயே இருக்கிறதா? அப்படியானால் அது குழந்தையின் உடலில் உள்ள கோளாறு. பாலையும் உணவையும்தான் மாற்ற வேண்டும். அன்று பல மருத்துவர்கள் அப்படித்தான் நம்பினார்கள்.

1921-இல் அதே செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த ஜே. வி. கூக் என்பவர் விடையைக் கண்டுபிடித்தார். புதிதாக வரும் சிறுநீரில் அம்மோனியா அதிகம் இல்லை. யூரியாதான் இருக்கிறது. குழந்தையின் மலத்தில் உள்ள ஒரு பாக்டீரியா, துணியில் தங்கி, யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. அந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து அதற்கு அம்மோனியாவை உண்டாக்குவது என்ற பொருளில் பெயரும் வைத்தார். பச்சைத் தண்ணீரில் லேசாக அலசி உலர்த்திய துணியில் பாக்டீரியா உயிரோடு இருக்கும். அடுத்த முறை நனைந்ததும் வேலையைத் தொடங்கிவிடும்.

இது அருமையான கண்டுபிடிப்பு. குறை குழந்தையின் உடலில் இல்லை, துவைப்பதில் இருக்கிறது என்று தெரிந்தது. ஹோல்ட் சொன்னது போல் கொதிக்க வைத்தாலே பாக்டீரியா செத்துவிடும். ஆனால் தினமும் பத்து நாப்பியைக் கொதிக்க வைப்பது எத்தனை வீட்டில் நடக்கும்? அதனால் சுருக்கமான வழி ஒன்று பரிந்துரைக்கப்பட்டது. துவைத்த நாப்பியைக் கடைசியாக ஒரு கிருமிநாசினிக் கரைசலில் முக்கி, பிழிந்து, அலசாமல் அப்படியே காய வைத்துவிட வேண்டும். மருந்து துணியிலேயே தங்கும். பாக்டீரியா வளராது. வாடை வராது.

அந்த மருந்துகளில் ஒன்று போரிக் அமிலம். இன்னொன்று மெர்குரிக் குளோரைடு. சித்த மருத்துவத்தில் வீரம் என்று சொல்லப்படும் கடுமையான பாதரச உப்பு அதுதான்.

இளஞ்சிவப்பு நோய்

அந்த மருந்து உண்மையிலேயே வேலை செய்தது. வாடை போனது, புண் ஆறியது. தாய்மார்களுக்கும் மருத்துவர்களுக்கும் திருப்தி. அதனால்தான் அதன் மறுபக்கம் தெரிய இத்தனை காலம் ஆயிற்று.

அதே காலகட்டத்தில் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஒரு மர்ம நோய் குழந்தைகளைத் தாக்கிக்கொண்டிருந்தது. கையும் காலும் இளஞ்சிவப்பாகி, தோல் உரியும். வியர்த்துக் கொட்டும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் குழந்தை தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். ஓயாமல் அழும், சாப்பிடாது, கை கால் துவண்டுவிடும். சில குழந்தைகளுக்குப் பல்லும் விழும். இதை இளஞ்சிவப்பு நோய் என்றார்கள். மருத்துவப் பெயர் அக்ரோடைனியா. நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறந்தன. சத்துக் குறைவு என்றார்கள், கிருமி என்றார்கள். எதுவும் பொருந்தவில்லை.

அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜோசப் வார்கனியும் டொனால்ட் ஹப்பார்டும் அந்தக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார்கள். 1948-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகை உலுக்கியது. சிறுநீரில் பாதரசம் இருந்தது. பெரும்பாலும் அது பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கொடுத்த பொடியிலிருந்து வந்தது. அந்தப் பொடியில் கலோமெல், அதாவது நம் ஊர் பூரம், கலந்திருந்தது. ஆனால் பொடி கொடுக்கப்படாத குழந்தைகளுக்கும் நோய் வந்திருந்தது. பாதரசக் களிம்பும், பாதரசக் கரைசலில் முக்கிய நாப்பியும் அவர்களுக்குக் காரணங்களாக இருந்தன.

ஏன் இவ்வளவு தாமதம்? பாதரசம் பட்ட குழந்தைகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். நோய் வந்தது அவர்களில் வெகு சிலருக்கே. என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று ஊரே சொல்லும்போது யாருக்குச் சந்தேகம் வரும்? பிரிட்டனில் 1954-இல் பாதரசப் பல் பொடிகள் சந்தையிலிருந்து விலக்கப்பட்டன. அதன்பின் நோயும் ஏறத்தாழ மறைந்தே போனது.

போரிக் அமிலத்தின் கதையும் இப்படித்தான் முடிந்தது. அது மிகவும் சாதுவான மருந்து என்று எல்லோரும் நம்பினார்கள். கண்ணைக் கழுவக்கூடப் பயன்பட்டது. நல்ல தோலின் மேல் பட்டால் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் நாப்பிப் புண் உள்ள தோல் நல்ல தோல் இல்லையே! புண் வழியாக அது உடலுக்குள் போய்ச் சேர்ந்தது. 1953-இல் மொன்ட்ரியாலைச் சேர்ந்த கோல்ட்ப்ளூம் என்ற தந்தையும் மகனும் தங்களிடம் வந்த 4 குழந்தைகளைப் பற்றியும், அதுவரை உலக மருத்துவ இதழ்களில் பதிவான 109 போரிக் அமில நச்சு நிகழ்வுகளைப் பற்றியும் எழுதினார்கள். புண்ணை ஆற்றுவதற்காகத் தூவிய பொடி, புண் இருந்த குழந்தைக்கே ஆபத்தானது என்பது இதிலுள்ள கொடுமை.

அலமாரியில் இருந்த ஆபத்து

இதுவரை பார்த்தது வாளியின் கதை. இனி அலமாரி. இந்தப் பகுதி நம் வீடுகளுக்கும் நேரடியாகப் பொருந்தும்.

முதல் குழந்தையின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைப்பதும், பூச்சி அரிக்காமல் இருக்க அந்துருண்டை போடுவதும், அடுத்த குழந்தை பிறந்ததும் எடுத்துக் கட்டுவதும் உலகமெங்கும் உள்ள பழக்கம். அந்துருண்டையில் உள்ளது நாஃப்தலீன். திடப் பொருளாக இருந்தாலும் மெல்ல ஆவியாகித் துணியின் இழைகளில் ஏறிக்கொள்ளும். 1951-இல் அமெரிக்க மருத்துவர் ஷாஃபர், பிறந்த சில நாட்களில் கடும் ரத்தச் சோகைக்கு ஆளான ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார். அந்தக் குழந்தையின் நாப்பிகள் அந்துருண்டை போட்டு வைக்கப்பட்டிருந்தவை. ரத்தத்தில் சிவப்பணுக்கள் வேகமாக உடைந்துகொண்டிருந்தன.

சிலருக்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு 1956-இல் விடை கிடைத்தது. மலேரியா மருந்து கொடுத்தால் சிலருக்கு ரத்த அணுக்கள் உடைவதை ஆராய்ந்தவர்கள், அவர்களிடம் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருப்பதைக் கண்டார்கள். சிவப்பணுவைக் காக்கும் நொதி அது. பரம்பரையாக வரும் இந்தக் குறைபாடு, மலேரியா அதிகம் இருந்த பகுதிகளின் மக்களிடம் அதிகம். மத்தியதரைக் கடல் நாடுகள், ஆப்பிரிக்கா, இந்தியா எல்லாம் இதில் அடங்கும்.

1963-இல் கிரேக்க மருத்துவர்கள் வலேஸ், டாக்ஸியாடிஸ், ஃபெஸ்ஸாஸ் ஆகியோர் 21 பச்சிளங் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். யாரும் அந்துருண்டையை விழுங்கவில்லை. அந்துருண்டை வைத்த துணியும் போர்வையும் குழந்தையின் அருகிலோ அறையிலோ இருந்தன. மூச்சில் கலந்த ஆவியே போதுமானதாக இருந்தது. உடைந்த அணுக்களிலிருந்து வந்த பிலிருபின் மூளை வரை சென்று சில குழந்தைகளைப் பாதித்தது. இருவர் இறந்தனர். ஜி6பிடி குறைபாடு இல்லாத குழந்தைகளும் அந்த 21 பேரில் இருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் நாஃப்தலீன் அந்துருண்டைகளைத் தடை செய்தது. நம் கடைகளில் அவை இன்றும் சரம் சரமாகத் தொங்குகின்றன. பெட்டியிலிருந்து எடுத்த துணியை உதறிக் கட்டினால் போதாது. பிறந்த குழந்தையின் துணிக்கு அருகில் அந்துருண்டையே கூடாது.

சலவை வீட்டை விட்டுப் போனபோது

1930களில் அமெரிக்க நகரங்களில் நாப்பிச் சலவைக் கம்பெனிகள் தோன்றின. வீட்டுக்கு ஒரு மூடி போட்ட வாளி தருவார்கள். அழுக்கு நாப்பிகளை அதில் போட்டு வைத்தால் வாரம் ஓரிரு முறை வண்டியில் வந்து எடுத்துக்கொண்டு, வெளுத்த நாப்பிக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பெண்கள் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனதால் இந்தத் தொழில் நன்றாக வளர்ந்தது. தாய்மார்களின் இடுப்பு வலிக்கு இது பெரிய விடுதலை.

ஆனால் ஒரு வீட்டில் நடக்கும் தவறு ஒரு குழந்தையைப் பாதிக்கும். பொதுச் சலவையில் நடக்கும் தவறு எத்தனை குழந்தைகளைப் பாதிக்கும்?

1967-இல் செயின்ட் லூயிஸ் நகரத்துச் சிறு பிரசவ மருத்துவமனை ஒன்றில் பிறந்த குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தது. வியர்வை ஆறாக ஓடியது. மூச்சு வேகமாக வாங்கியது. கிருமி எதுவும் அகப்படவில்லை. 9 குழந்தைகள் மோசமான நிலைக்குப் போயின. 2 குழந்தைகள் இறந்தன. மற்றவர்களில் சிலருக்கு உடலிலிருந்த ரத்தத்தை மாற்றியபோது வியக்கத்தக்க விதத்தில் குணம் தெரிந்தது. அப்படியானால் நஞ்சு ரத்தத்தில் இருக்கிறது என்று பொருள். தேடிப் போனவர்கள் சலவை அறையில் போய் நின்றார்கள். நாப்பிகளையும் படுக்கைத் துணிகளையும் கடைசியாக அலசும் தண்ணீரில், பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க ஒரு பொருளைச் சேர்த்து வந்தார்கள். அதில் சோடியம் பென்டாகுளோரோஃபினேட் இருந்தது. மரம் உளுத்துப் போகாமல் இருக்கப் பூசும் மருந்தின் குடும்பத்தைச் சேர்ந்த ரசாயனம் அது! உடலில் சேர்ந்தால், சாப்பிட்ட உணவின் ஆற்றலையெல்லாம் வெறும் சூடாக மாற்றிவிடும். குழந்தைகள் வியர்த்ததற்குக் காரணம் அதுதான்.

அம்மோனியா வாடைக்குக் காரணம் கண்டுபிடிக்கப்பட்ட அதே நகரத்தில், நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, அதே கடைசி அலசலில் இது நடந்தது.

அப்போதும் பாடம் முடியவில்லை. 1980-இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அய்ரெஸ் நகரில் நாப்பிச் சலவைக் கம்பெனி ஒன்று ஃபினைல் மெர்குரி என்ற பாதரசப் பூஞ்சைக்கொல்லியைப் பயன்படுத்தியது தெரிய வந்தது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் அந்த நாப்பிகளைக் கட்டியிருந்தன. மறைந்துவிட்டதாக நினைத்த இளஞ்சிவப்பு நோய் சில குழந்தைகளிடம் மீண்டும் தலைகாட்டியது. பல குழந்தைகளின் சிறுநீரில் பாதரசமும், சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைக் காட்டும் நொதியும் அதிகமாக இருந்தன. அந்த நாப்பிகளை நிறுத்தியபின் அளவு குறைந்தது. இதைப் பற்றிய விரிவான ஆய்வு 1985-இல் சயன்ஸ் இதழில் வெளிவந்தது.

அம்மோனியாதான் குற்றவாளியா?

இத்தனை மருந்துகளும் எதற்காக வந்தன? அம்மோனியாவை ஒழிப்பதற்காக. அம்மோனியாதான் புண்ணுக்குக் காரணம் என்ற நம்பிக்கை அரை நூற்றாண்டுக்கும் மேல் நிலைத்திருந்தது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் லேடனும் கிளிக்மனும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். புண் உள்ள குழந்தைகளையும் இல்லாத குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். இரு பக்கமும் அம்மோனியா அளவில் பெரிய வித்தியாசம் இல்லை!

1986-இல் பெர்க்கும் அவருடைய குழுவினரும் இன்னும் தெளிவாக விளக்கினார்கள். ஈரத்தில் ஊறிய தோல் மென்மையாகி, துணி உராயும்போது எளிதில் உரியும். மலத்தில் புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நொதிகள் இருக்கின்றன. சிறுநீரும் மலமும் சேர்ந்து கிடக்கும்போது அம்மோனியா உண்டாகி, அந்த இடத்தின் காரத்தன்மை கூடும். காரத்தில் அந்த நொதிகள் வீரியம் பெற்றுத் தோலையே செரிக்கத் தொடங்கும். அதாவது அம்மோனியா தனியாக நின்று புண்ணாக்கும் குற்றவாளி இல்லை, உடந்தை மட்டுமே.

இதிலிருந்து என்ன தெரிகிறது? துணி எவ்வளவு நேரம் உடலில் ஈரமாக இருக்கிறது என்பதுதான் முக்கியம். எவ்வளவு வீரியமான மருந்தில் துணியை முக்கினாலும், நீண்ட நேரம் மாற்றாமல் விட்டால் புண் வரக்கூடும். உடனுக்குடன் மாற்றினால், வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்து, நன்றாக அலசிக் காயவைத்த துணியே போதும்.

டயப்பர் வந்த பிறகு

1961-இல் அமெரிக்காவின் பியோரியா நகரில் பேம்பர்ஸ் டயப்பர் சோதனை விற்பனைக்கு வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் மேற்கு நாடுகளின் பெரும்பாலான வீடுகளில் நாப்பி வாளி காணாமல் போனது. மலை மலையாகக் குப்பை சேர்ந்தபின் சிலர் மீண்டும் துணிக்குத் திரும்பினார்கள்.

திரும்பி வந்தவர்களின் வாளியில் தண்ணீர் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. பழைய முறையில் நாப்பியைத் தண்ணீரில் மூழ்க வைப்பார்கள். அந்த வாளித் தண்ணீரில் தவழும் குழந்தை தலைகீழாக விழுந்து மூழ்கும் ஆபத்து உண்டு. ஊறிக் கிடக்கும் துணியின் இழையும் சீக்கிரம் நைந்துவிடும். இப்போது மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, லேசாக அலசி, உலர்ந்த வாளியில் போட்டு, இரண்டு மூன்று நாளுக்குள் துவைத்துவிடுகிறார்கள். 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது பிரிட்டனில் தரப்படும் அறிவுரை. துணியை மென்மையாக்கும் திரவங்களை நாப்பிக்குச் சேர்ப்பதில்லை. அவை இழையில் படிந்து, ஈரம் உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும். நீலம் வேண்டாம் என்ற ஹோல்ட்டின் விதி வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது!

2008-இல் பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை, நாப்பியையும் டயப்பரையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. இரண்டரை ஆண்டுகளில் ஒரு குழந்தையின் டயப்பரால் 550 கிலோ, நாப்பியால் 570 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது என்று கணக்கு வந்தது. துணிப் பக்கம் நின்றவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. இயந்திரம் நிறையத் துணி போட்டுத் துவைத்து, வெளியே கொடியில் காயவைத்து, அதே நாப்பியை அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் 200 கிலோ வரை குறையும். மின் உலர்த்தியில் போட்டால் கூடிவிடும். துணி நல்லதா டயப்பர் நல்லதா என்ற கேள்விக்கான பதில், துவைக்கும் முறையில் இருக்கிறது என்பதே அந்த ஆய்வின் முடிவு.

முடிவாக

மேலே பார்த்த மருத்துவர்களும் சலவைக்காரர்களும் தாய்மார்களும் குழந்தைக்குத் தீங்கு நினைத்தவர்கள் இல்லை. முத்திரை குத்தியவர் துணி தொலையக் கூடாது என்று நினைத்தார். பாதரசம் சேர்த்தவர் புண் வரக் கூடாது என்று நினைத்தார். அந்துருண்டை போட்டவர் பூச்சி அரிக்கக் கூடாது என்று நினைத்தார். எல்லோரும் துணியில் எதையோ தங்க வைத்தார்கள். தங்கியது குழந்தையின் மேல் ஏறியது.

மூன்று கேள்விகளுக்கும் நூற்றைம்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்திருக்கும் பதில் மிக எளிமையானது. துவைக்கும் வரை குழந்தைக்கு எட்டாத இடத்தில், மூடிய வாளியில் வைக்க வேண்டும். வெந்நீரில் துவைத்து, சோப்பு முழுவதும் போகும் வரை அலச வேண்டும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, எந்த உருண்டையும் பொடியும் இல்லாத இடத்தில் மடித்து வைக்க வேண்டும். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும்.

துவைத்த வேட்டித் துணியை உச்சி வெயிலில் கொடியில் போட்டு, மாலையில் எடுத்து மடித்து வைக்கும் பாட்டிக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. ஆனால் கடைசி அலசலில் எதையும் சேர்க்கக் கூடாது என்பது தெரியும். அவருடைய பெட்டியில் இருக்கும் அந்துருண்டையை மட்டும் யாராவது எடுத்துவிட்டால் போதும்.